சிரமம் இல்லைன்னா

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தண்ணிப் பாப்பா மூன்று முறை செத்துப்போனது. மூன்று முறையும் சின்ன சிஸ்டரின் கையில்தான்.

தண்ணிப் பாப்பா ஒரு ரப்பர் பொம்மை. முதுகிலிருந்த மூடியைத் திறந்து இரண்டு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினால், பிறந்த குழந்தையின் கனம் வந்துவிடும். கழுத்து நிஜக் குழந்தையின் கழுத்தைப் போலவே துவளும். வயிற்றிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வெளியே வந்து, முனையில் எலுமிச்சம்பழம் அளவு ரப்பர் குமிழாக முடிந்தது. அந்தக் குமிழ் நெட்டையம்மாவின் கையில் இருக்கும். அவள் அமுக்கினால் பொம்மை அழும். அமுக்காவிட்டால் அழாது.

நெட்டையம்மா முப்பது வருஷம் பிரசவம் பார்த்தவள். எங்கோ வசதியான ஊரில் வேலை. வருஷா வருஷம் தன் விடுமுறையை எடுத்துக்கொண்டு, ஒன்றும் இல்லாத ஆஸ்பத்திரிகளுக்கு வந்து அங்கிருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவாள். சம்பளம் கிடையாது. வந்த முதல் நாள் பிரசவ அறையின் வாசல் நிலையில் இரண்டு தடவை தலையை இடித்துக்கொண்டதால் அந்தப் பெயர். அவளுடன் வந்த தாடிக்காரக் குழந்தை வைத்தியர் காலையில் டாக்டர்களுக்குத் தனியாகப் பாடம் எடுப்பார். மத்தியானம் டாக்டர், சிஸ்டர் என்ற பேதமில்லாமல் எல்லோருக்கும் தண்ணிப் பாப்பாதான் பாடம். மூன்று வாரப் பயிற்சியில் இது கடைசி வாரம்.

பிறந்து அழாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிஷம்தான் எல்லாம். துடைக்க வேண்டும், முதுகைத் தேய்க்க வேண்டும், தலையைச் சரியாக வைக்க வேண்டும், மூக்கிலும் வாயிலும் மாஸ்க்கைப் பொருத்தி மூச்சுப் பையை அமுக்க வேண்டும். இந்த வேலையில் சின்ன சிஸ்டரின் கையைப் போல ஒரு கை அந்த ஆஸ்பத்திரியில் கிடையாது. அதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். தகராறு கையில் இல்லை.

"டாக்டர்," என்றாள் சின்ன சிஸ்டர், பையைப் பிடித்துக்கொண்டு. "உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா, அந்தத் தட்டுல இன்னொரு மாஸ்க் இருக்கு பாருங்க... இதைவிடக் கொஞ்சம் சின்னது... அதை எடுத்துத் தர முடியுமா?"

நெட்டையம்மா கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"பதினோரு செகண்ட். 'சிரமம் இல்லைன்னா' சொல்லும்போதே பிள்ளை போச்சு."

அறை முழுவதும் சிரித்தது. வாசலில் நின்று வேடிக்கை பார்த்த மருந்துக் கடைக்காரர் சிரித்தார். முட்டி வலிக்கு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெரிய சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். எதிரில் நின்ற டாக்டரும் தொந்தி குலுங்கச் சிரித்தார். சின்ன சிஸ்டரும் சிரித்தாள். பதினோரு வருஷமாக அங்கே எல்லோரும் சிரிக்கும்போது அவளும் சிரித்துவிடுவாள்.

"தலைமாட்டில் நிக்கிற ஆள் சொல்றதுதான் சட்டம்," என்றாள் நெட்டையம்மா. "பை உன் கையில். நீ சொல். அவர் செய்வார்."

"அவரு டாக்டர்மா."

"எனக்குத் தெரியும். டாக்டர், வா. டாக்டர், துணி பிடி. டாக்டர், போ."

டாக்டர் வந்தார், துணியைப் பிடித்தார், போனார். ஆறு மாசம் புத்தகத்தை வைத்துக்கொண்டு மொழி படித்தவள் நெட்டையம்மா. வேலைக்கு வேண்டியதை மட்டும் படித்திருந்தாள். மரியாதையைப் படிக்க நேரம் இருந்திருக்காது.

"எங்க அம்மாவுக்கு அப்புறம் என்னை வா போன்னு சொன்ன ஒரே ஆளு நீங்கதாம்மா," என்றார் டாக்டர். அவருக்கு அதில் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருப்பதுபோலத்தான் தெரிந்தது.

வகுப்பு கலைந்தபிறகு நெட்டையம்மா சின்ன சிஸ்டரை மட்டும் நிறுத்தி வைத்தாள். சனிக்கிழமை காலையில் அவர்கள் கிளம்புகிறார்கள். வெள்ளிக்கிழமை தேர்வு. அதில் ஒரு ஆள் தேற வேண்டும். தேறினால் பொம்மை, மூச்சுப் பைகள், மாஸ்க்குகள் எல்லாம் இங்கேயே இருக்கும். சுற்றிலும் உள்ள ஆறு சின்ன ஆஸ்பத்திரிகளின் நர்சுகளுக்கு அந்த ஆள் சொல்லிக்கொடுக்கலாம். தேறாவிட்டால் மூட்டை கட்டி அடுத்த ஊருக்கு.

"சொல்லித்தர ஆள் இல்லாத இடத்தில் பொம்மை எதுக்கு? பூட்டி வைப்பாங்க," என்றாள் நெட்டையம்மா. "பெரிய சிஸ்டருக்கு முட்டி. மத்தவங்களுக்குக் கை வரலை. நீ மட்டும்தான். வெள்ளிக்கிழமை நீ உத்தரவு போடலைன்னா, நான் பெட்டி கட்டுவேன்."

சின்ன சிஸ்டர் பொம்மையின் ஈரக் காதைத் துடைத்தாள். பிறகு கேட்டாள்:

"இதை இன்னைக்கு வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமாம்மா? உங்களுக்குச் சிர..."

நெட்டையம்மா ஒற்றை விரலைத் தூக்கினாள்.

"எடுத்துட்டுப் போறேன்," என்றாள் சின்ன சிஸ்டர்.

*

பஸ்ஸில் கூட்டம். துண்டில் சுற்றித் தோளில் சாய்த்திருந்த தண்ணிப் பாப்பாவைப் பார்த்ததும் ஒரு அம்மாள் எழுந்து இடம் கொடுத்தாள். "பச்சை உடம்போட நிக்கிறியே தாயி, உக்காரு." இல்லை, இது பொம்மை என்று சொல்ல வாயெடுத்தவள், இத்தனை பேர் முன்னால் அந்த அம்மாளின் மனம் கோணுமே என்று உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நிறுத்தம் போவதற்குள் முதுகு மூடி லேசாகத் திறந்து அவள் புடவையெல்லாம் நனைந்தது. "பெஞ்சுடுச்சா? பெய்யட்டும், நல்லது," என்றாள் அந்த அம்மாள். ஆணா பெண்ணா என்று கேட்டாள். சின்ன சிஸ்டர் யோசித்துப் பார்த்துவிட்டு, இன்னும் முடிவாகவில்லை என்று சொல்லிவைத்தாள்.

காய்கறிச் சந்தைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட இரண்டு அறை வீடு. மாமியார் சந்தையில் காய் விற்பவள். விடியுமுன் போய், நாலு மணிக்கு மிஞ்சிய கீரையும் சொத்தைக் கத்தரிக்காயுமாகத் திரும்புவாள். அவளுடைய குரல் சந்தையில் பேர் போனது. லாரியிலிருந்து மூட்டை இறக்கும் ஆட்கள் மேஸ்திரி சொன்னால் ஒரு பீடியை முடித்துவிட்டு எழுவார்கள். அவள் சொன்னால் பீடியோடு எழுவார்கள்.

வீட்டில் நாத்தனார் நாற்காலியில் சாய்ந்து, வீங்கிய கால்களைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் விட்டுக்கொண்டிருந்தாள். நாள் நெருங்கிவிட்டது. அவள் புருஷன் கப்பலில் இருந்தான். அதனால் பிரசவத்துக்கு இங்கே. எங்கே பிரசவம் என்பதில்தான் ஒரு மாசமாக வீடு இரண்டுபட்டுக் கிடந்தது.

"வியாழக்கிழமை காலைல பஸ்ஸு," என்றாள் மாமியார், அடுப்பில் அவரையை வேகப் போட்டுவிட்டு. "பெரிய ஊருல போய் அங்கேயே தங்கி, அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில பெத்துக்கட்டும். மூணு மணி நேரம். முடிஞ்ச பேச்சு."

"நம்ம ஆஸ்பத்திரி பத்து நிமிஷம் அத்தை."

"தெரியும்."

"நான் இருக்கேன்ல?"

மாமியார் கரண்டியைக் கீழே வைத்தாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

"அம்மாடி, உன் கை மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. உன் வாய் மேலதான் இல்ல. போன மாசம் தண்ணி லாரியில வரிசையில முன்னாடி நின்னது நீ. ஒருத்தி உன் குடத்தைத் தள்ளிட்டுப் பிடிச்சுட்டுப் போனா. நீ என்ன சொன்ன?"

சின்ன சிஸ்டர் கத்தரிக்காயில் சொத்தையை வெட்டி எறிந்தாள்.

"'பரவாயில்லக்கா'ன்ன. குடம்னா பரவாயில்ல. அங்க இருக்கப்போறது என் பேரப்புள்ள. அந்தக் குண்டு டாக்டர் தப்பு பண்ணா 'பரவாயில்ல டாக்டர்'ம்ப. வேணாம்மா."

"என்னைக் கேட்டா," என்றாள் நாத்தனார், "நான் இந்த நாற்காலியிலேயே பெத்துக்கிறேன். என்னால எந்திரிக்க முடியாது."

"உன்னை யாரு கேட்டா?"

அந்த நேரத்தில்தான் சின்ன சிஸ்டரின் புருஷன் வந்தான். பம்பு செட் மெக்கானிக். முழங்கைவரை கிரீஸ். கட்டிலில் துண்டுக்குள் கிடந்த தண்ணிப் பாப்பாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"பொறந்துடுச்சா? யாரும் சொல்லவே இல்ல?" தங்கையின் வயிற்றைப் பார்த்தான். மறுபடி கட்டிலைப் பார்த்தான். "இன்னும் ஒண்ணு இருக்கா?"

சிரிப்பு அடங்கியபிறகு சின்ன சிஸ்டர் தேர்வைப் பற்றிச் சொன்னாள். தேறாவிட்டால் பொம்மை போய்விடும் என்றாள். பதினோரு செகண்ட் கதையைச் சொன்னாள். சொல்லும்போது சிரிக்கத்தான் நினைத்தாள். கடைசியில் சிரிப்பு வரவில்லை.

மாமியார் அடுப்பைத் தணித்தாள். பிறகு கொடியிலிருந்து மகனின் வெள்ளைச் சட்டையை உருவிப் புடவைக்கு மேலேயே மாட்டிக்கொண்டாள்.

"நான்தான் டாக்டரு. போடு உத்தரவு."

அன்று மாலை அந்த வீட்டில் நடந்ததை அடுத்த வீட்டுக்காரர்கள் வருஷக் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாத்தனாரிடம் ரப்பர் குமிழைக் கொடுத்து நெட்டையம்மா ஆக்கினார்கள். புருஷன் கடிகாரம். சாப்பாட்டு மேசை பிரசவ அறை. சின்ன சிஸ்டர் தலைமாட்டில் நின்று பையைப் பிடித்தாள்.

"அத்தை, அந்தத் துணியைக் கொஞ்சம்..."

"காது கேக்கல."

"அத்தை, அந்தத் துணி..."

"நான் டாக்டரு. டாக்டருக்கு எதுக்கு அத்தை?"

"முப்பது செகண்ட்," என்றான் புருஷன். "புள்ள நீலமாகுது."

"ரப்பர் எப்படிண்ணா நீலமாகும்?" என்றாள் நாத்தனார்.

"டாக்டர்... துணி எடுங்க."

"என்னது, முணுமுணுக்கிற? சந்தையில இப்படிப் பேசினா ஒரு வெங்காயம் விக்காது. இங்க பாரு, இப்படிச் சொல்லணும்." மாமியார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, நெஞ்சு நிறைய மூச்சிழுத்துச் சொன்னாள்: "ஏய்! கொண்டா அந்தத் துணியை!"

கூரைத் தகரம் அதிர்ந்தது. அடுத்த நிமிஷம் பக்கத்து வீட்டுக்காரர், இடுப்பில் லுங்கியும் முகத்தில் பாதிச் சவர நுரையுமாக, கையில் ஒரு துண்டோடு ஓடி வந்து நின்றார்.

"இந்தாங்கக்கா," என்றார் மூச்சு வாங்க. "இது போதுமா?"

நாத்தனார் சிரித்த சிரிப்பில் குமிழ் கையில் நசுங்கி, தண்ணிப் பாப்பா வீடே அதிர அழத் தொடங்கியது. அதற்குப் பிறகு ஒத்திகை நடக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு அவரைக்காயும் சோறும் போட்டு அனுப்பினார்கள்.

*

வெளிச்சம் மங்குவதற்குள் பாத்திரம் கழுவிவிடலாம் என்று சின்ன சிஸ்டர் பின்பக்கம் போனாள். உள்ளே இன்னும் சிரிப்பு நிற்கவில்லை. அவளுக்கும் முகத்தில் சிரிப்பு இருந்தது. கை சாம்பலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. மனம் போன மழைக்காலத்துக்குப் போய்விட்டது.

அதுவும் இதே போலத் துவண்டு வந்த குழந்தை. டாக்டர்தான் தலைமாட்டில் நின்றார். அவள் துணியோடு பக்கத்தில். குழந்தையின் மோவாய் நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்தது. அப்படி இருந்தால் எவ்வளவு ஊதினாலும் காற்று உள்ளே போகாது. அது அவளுக்குத் தெரியும். சொன்னாள். 'டாக்டர், தலை கொஞ்சம்...' என்று சொன்னாள். அவர் திரும்பவில்லை. அவள் மறுபடி சொல்லவில்லை.

யாரும் அவளைக் குற்றம் சொன்னதில்லை. நான் சொன்னேனே என்று அவளே பல தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள். இன்று, ஒரு பொம்மையின் முன்னால் நின்று அத்தனை பேர் சிரித்தபோதுதான், அந்த 'சொன்னேனே'வை அவள் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். கேட்காமல் போனாலும் போகட்டும் என்று சொல்வதற்கென்றே ஒரு குரல் அவளிடம் இருந்தது. 'சிரமம் இல்லைன்னா' என்று ஒரு வார்த்தையை முன்னால் வைத்துவிட்டால், நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது எதிராளியின் பொறுப்பு. அவள் நல்லவளாகவே இருந்துவிடலாம். மரியாதை என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தது, பாதிக்குப் பாதி பயம்தான்.

பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். புருஷன் வந்து பக்கத்தில் குந்தினான். ஒரு பாத்திரத்தை எடுத்து, ஏற்கெனவே கழுவியதையே மறுபடி கழுவினான்.

புதன்கிழமை காலை, கருவிகளைக் கொதிக்க வைக்கும் அறையில் அவள் தனியாக இருந்தபோது டாக்டர் வந்தார். அந்த அறைக்கு அவர் வருவதே இல்லை. எதையோ தேடுவதுபோல அலமாரியைப் பார்த்தார்.

"என்ன வேணும் டாக்டர்?"

"ஒண்ணுமில்ல." தொந்தியைத் தடவிக்கொண்டார். "போன மழைக்காலத்துல ஒரு குழந்தை. ஞாபகம் இருக்கா சிஸ்டர்?"

இடுக்கியைத் தண்ணீருக்குள் வைத்தபடியே நின்றாள். ஆவி முகத்தில் அடித்தது.

"அன்னைக்கு நீங்க ஏதோ சொன்னீங்க. காதுல விழுந்துச்சு. என்ன சொன்னீங்கன்னு நான் திரும்பிக் கேக்கல."

இடுக்கியை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"தலை சரிஞ்சிருக்குன்னு சொன்னேன் டாக்டர்."

"ம்."

அலமாரிக் கதவைச் சாத்தினார்.

"கேட்டிருந்தா பிழைச்சிருக்குமான்னு தெரியாது," என்றார்.

"தெரியாது டாக்டர்."

"ஆனா கேட்டிருக்கணும்."

"நானும் ரெண்டாவது தடவை சொல்லியிருக்கணும்."

அவர் தலையை ஆட்டினார். போகிறவர்போல வாசல்வரை போய் நின்றார். "அந்தம்மா என்னை வா போங்கிறாங்க. எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போயிடல. ஒரு சுத்து இளைச்சிருந்தாலாவது பரவாயில்ல, அதுகூட இல்ல." அவள் சிரித்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

*

வியாழக்கிழமை காலையில் வானம் ஈயமாய்க் கனத்திருந்தது. மாமியாரும் நாத்தனாரும் இரண்டு பைகளோடு பஸ் நிலையத்துக்குப் போனார்கள். புருஷன் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். நாத்தனார் பஸ் படியில் வலது காலை வைத்தாள். இடது காலை வைக்கவில்லை. படியெல்லாம் தண்ணீர்.

"அம்மா," என்றாள். "பொம்மை இல்லம்மா, இது நான்."

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்து நின்றார். மாமியாருக்கு யோசிக்க அரை நொடிதான் தேவைப்பட்டது. எதிரே சந்தை. "டேய், அந்த வண்டியில இருக்கிற பூசணிக்காயை இறக்குங்கடா!" இரண்டு ஆட்கள் இறக்கினார்கள். தள்ளுவண்டியில் சாக்கை விரித்து, நாத்தனாரை உட்கார வைத்து, நாலு பேர் தள்ள, மாமியார் முன்னால் வழி விலக்கிக்கொண்டு ஓட, பத்து நிமிஷத் தூரத்தை ஏழு நிமிஷத்தில் கடந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் மழை பிடித்துக்கொண்டது.

பிரசவ அறையில் சின்ன சிஸ்டரைப் பார்த்ததும் மாமியார், "விதி எப்படி இழுத்துட்டு வருது பாரு," என்றாள். பிறகு யாருக்கும் கேட்காமல், "பாத்துக்கம்மா," என்றாள். அவள் மெதுவாகப் பேசி மருமகள் கேட்டது அதுதான் முதல் தடவை.

வலி மத்தியானம்வரை இழுத்தது. நாத்தனார் வலிக்கு வலி கப்பலில் இருக்கும் புருஷனைத் திட்டினாள். வலி விட்டால் பூசணிக்காய்க்காரன் திட்டுவானா என்று கேட்டாள். மாமியார் அவள் தலைமாட்டில் நின்று தண்ணீர் கொடுத்தாள். துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்பது அந்த ஆஸ்பத்திரியின் வழக்கம். வெளியே மழை தகரத்தில் கொட்டிய கொட்டில், பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை.

பெரிய சிஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து குழந்தையை வாங்கத் தயாராக இருந்தாள். சின்ன சிஸ்டர் சுவரோரமாகக் குழந்தை மேசையில் துணிகளை விளக்குச் சூட்டில் காயவைத்திருந்தாள். டாக்டர் கைகழுவிவிட்டு நின்றார். மூலையில் நெட்டையம்மா. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள். நிஜப் பிரசவத்தில் அவள் தொடவே மாட்டாள். நாங்கள் போனபிறகு யார் தொடுவார்களோ அவர்கள் தொட வேண்டும் என்பது அவள் வைத்திருந்த கட்டுப்பாடு.

தலை வந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. பெரிய சிஸ்டர் அதை விலக்கினாள். உடம்பும் வந்தது. ஆண் குழந்தை. ஈரத் துணிபோலக் கிடந்தது. பெரிய சிஸ்டர் துடைத்து முதுகைத் தேய்த்தாள். சத்தமில்லை. கொடியை வெட்டி நீட்டினாள். சின்ன சிஸ்டர் வாங்கி மேசையில் கிடத்தினாள்.

டாக்டர் பழக்கத்தில் மேசையின் தலைமாட்டுக்கு வந்து நின்றார். கையும் மூச்சுப் பைக்கு நீண்டது.

ஒரு கணம். மழைச் சத்தம் மட்டும்.

"டாக்டர்!" என்றாள் சின்ன சிஸ்டர். "அது என் இடம். இந்தப் பக்கம் வாங்க!"

மழையைத் தாண்டிக் கேட்டது. வெளியே தாழ்வாரத்தில் நின்ற புருஷனுக்கும் கேட்டது. அம்மா கத்துகிறாள் என்றுதான் அவன் நினைத்தானாம்.

டாக்டர் இந்தப் பக்கம் வந்தார்.

"வாட்ச்சைக் கழட்டிக் கையில பிடிங்க. அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை சத்தமா நேரம் சொல்லுங்க."

தலையை நேராக்கி, மோவாயைச் சற்றே தூக்கி, மாஸ்க்கை வைத்து அமுக்கினாள். அமுக்கு, விடு, விடு. அமுக்கு, விடு, விடு. நெஞ்சு ஏறவில்லை.

"அரை நிமிஷம்!" என்றார் டாக்டர்.

"ஏன் அழல? ஏன் அழல அது?" மாமியாரின் குரல் எழும்பியது. மூலையில் கைகட்டி நின்ற உருவம் அவள் கண்ணில் பட்டது. "ஏம்மா! இவ்வளவு படிச்சுட்டு வந்து கையைக் கட்டிட்டு நிக்கிறியே! போய்ப் பாரேன்!"

நெட்டையம்மா அசையவில்லை. "அவ இருக்கா," என்றாள்.

"அத்தை, வாயை மூடுங்க," என்றாள் சின்ன சிஸ்டர், தலையைத் திருப்பாமல். "அவ கையைப் பிடிச்சுக்கங்க. அவகிட்டப் பேசுங்க."

மாமியார் வாயை மூடினாள். மகளின் கையைப் பிடித்தாள்.

மாஸ்க் பெரிது. கண்வரை ஏறி, ஓரத்தில் காற்று ஒழுகியது. "டாக்டர், சின்ன மாஸ்க். இடது கைப் பக்கம். குடுங்க." கேட்டது கைக்கு வந்தது. மாற்றினாள். வாயை லேசாகத் திறந்து, மோவாயைப் பிடித்து, மறுபடி அமுக்கினாள். அமுக்கு, விடு, விடு.

நெஞ்சு ஏறியது. துணிக்குள்ளிருந்து ஒரு சின்னப் பறவை எழப்பார்ப்பதுபோல ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது.

"ஒரு நிமிஷம்!"

"கொடியில விரல் வைங்க. துடிப்பு சொல்லுங்க."

"இருக்கு. நல்லா இருக்கு சிஸ்டர்!"

"ஒன்றரை!" என்று சற்றுப் பொறுத்துச் சொன்னார். மார்பில் நீலம் விலகிச் சிவப்பு பரவியது. "ரெண்டு!" உதடு சுழித்தது. அவள் பையை நிறுத்திப் பார்த்தாள். குழந்தை ஒரு தடவை விக்கியது. கால் ஒன்றை உதைத்தது. பிறகு மழைக்கும் மாமியாருக்கும் சேர்த்துப் போட்டிபோடும் குரலில் அழத் தொடங்கியது.

யார் முதலில் சிரித்தார்கள், யார் முதலில் அழுதார்கள் என்று தெரியவில்லை. பெரிய சிஸ்டர் முட்டி வலியை மறந்து எழுந்து நின்றுவிட்டாள். சின்ன சிஸ்டர் குழந்தையைச் சூடான துணியில் சுற்றி நாத்தனாரின் மார்பில் போட்டாள். "அண்ணி," என்றாள் நாத்தனார். அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். குழந்தையைப் பார்த்து, "என்னடா, அத்தை கத்துனாத்தான் வருவியா?" என்றாள். மாமியார் மருமகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து, எதுவும் சொல்லாமல் மூடிக்கொண்டாள்.

நெட்டையம்மா கையை முன்னால் கொண்டுவந்தாள். மணிக்கட்டில் அவளுடைய நகங்களே பதிந்த தடம் நாலு, சிவப்பாக. அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டே சின்ன சிஸ்டரிடம் வந்தாள்.

"நாளைக்கு தேர்வு இல்லை," என்றாள். "பொம்மைக்கு ஒரு அலமாரி பார். பூட்டு இல்லாத அலமாரி."

"ஆறு!" என்றது ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். டாக்டர் குழந்தை மேசைக்குப் பக்கத்தில், அவள் நிறுத்திய அதே இடத்தில், கடிகாரத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை.

"என்ன டாக்டர்?"

"ஆறு நிமிஷம் ஆச்சு சிஸ்டர்."

"குழந்தை எப்பவோ அழுதுடுச்சே?"

"தெரியும். நானும்தான் பார்த்தேன்." கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க நிறுத்தச் சொல்லலையே? ஆறரை!"

சின்ன சிஸ்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"நிறுத்துங்க டாக்டர்," என்றாள். சொன்னபிறகும் அவர் அங்கேயே நின்றார், அடுத்தது என்ன என்பதுபோல. அவள் அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். காலையிலிருந்து யாரும் ஒன்றும் சாப்பிடவில்லை.

"எல்லாருக்கும் டீ சொல்லிட்டு வாங்க. தாழ்வாரத்துல இருக்கிற எங்க வீட்டுக்காரருக்கும், வண்டி தள்ளின நாலு பேருக்கும் சேர்த்து."

"எனக்குச் சர்க்கரை தூக்கலா," என்றாள் மாமியார்.

"நீங்க பேசக்கூடாது," என்றார் டாக்டர். "சிஸ்டர் சொல்லட்டும்."

"சர்க்கரை தூக்கலா," என்றாள் சின்ன சிஸ்டர்.

டாக்டர் ஒரு தட்டை எடுத்துத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, முற்றத்துத் தண்ணீரில் சளப்பு சளப்பென்று கால் வைத்து, டீக்கடையைப் பார்த்து ஓடினார். கடிகாரம் இன்னும் கையில்தான் இருந்தது.